ஒரு முறம் தவிடு

சேதராப்பட்டில் அவன் வேலை பார்க்கும் கம்பெனி வாசலில் போய், மண்ணாங்கட்டி இருக்கிறானா என்று கேட்டுப் பாருங்கள். வாட்ச்மேன் உங்களை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, அப்படி யாரும் இங்கே இல்லை என்பார். எம்.கே. என்று கேளுங்கள். மெஷினில் நிற்கிறான், டீ நேரத்துக்கு வருவான் என்பார். அந்த இரண்டு எழுத்துக்குள் என்ன பெயர் இருக்கிறது என்று அங்கே ஒருவருக்கும் தெரியாது. கேட்டால் சிரித்து மழுப்பிவிடுவான். எனக்குத் தெரியும். அந்தப் பெயரை அவனிடமிருந்து பிடுங்கிக்கொண்டவன் என் கூடப்பிறந்த தம்பி.

என் பெயர் பிரிஸ்கில்லா. எங்கள் அப்பா சூசைநாதன் பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து பென்ஷன் வாங்கியவர். புதுச்சேரியில் அப்படிப்பட்டவர்களை ‘சொல்தா’ என்போம். அந்த வழியில் எனக்கும் தம்பி லூர்துபிரகாஷுக்கும் பிறந்ததிலிருந்தே பிரெஞ்சுப் பாஸ்போர்ட் உண்டு. அம்மா அந்தோணிமேரி, லூர்து பத்தாவது படிக்கும்போதே போய்ச் சேர்ந்துவிட்டாள். அதன் பிறகு அவனுக்குச் சோறு போட்டது, சட்டை துவைத்தது, பாதிரியாரிடம் அவனுக்காகத் திட்டு வாங்கியது எல்லாம் நான்தான். தம்பி உடையான் படைக்கு அஞ்சான் என்று எந்தப் புண்ணியவான் சொன்னானோ, அவனுக்கு இப்படி ஒரு தம்பி வாய்த்திருக்க மாட்டான்.

இரண்டாயிரத்து நாலு, ஐந்து வாக்கில் இங்கே பையன்களுக்கு ஹிப்ஹாப் பைத்தியம் பிடித்திருந்தது. பழைய துறைமுகத்துப் பக்கம் ஒரு சிமெண்டுத் தரை. ஃப்ரிட்ஜ் கடையில் கேட்டு வாங்கிய அட்டைப்பெட்டியைப் பிரித்துப் போட்டு, அதன் மேல் தலைகீழாகச் சுற்றுவார்கள். கூட்டத்துக்குப் பெயர் ‘உப்புக்காத்து’. லூர்து மைக் இல்லாமலே மைக் பிடித்த மாதிரி ராப் பாடுவான். நான் வாயாலேயே தாளம் போடுவேன். டிரம், தட்டு, கீறல் சத்தம் எல்லாம் இந்த வாயிலிருந்துதான் வரும். பெண்ணாகப் பிறந்தவள் இப்படித் துப்பிக்கொண்டு நிற்கலாமா என்று அத்தைமார்கள் கேட்டார்கள். நான் துப்பினேன்.

அந்தக் கூட்டத்துக்குத் தவளக்குப்பம் தாண்டி ஒரு கிராமத்திலிருந்து பஸ் ஏறி வந்தவன்தான் இவன். ஒல்லி, கறுப்பு, வாயில்லாப் பூச்சி. வலது மூக்கில் சின்னதாக ஒரு தழும்பு. ஆடுகிறவர்கள் எல்லாரும் தங்களுக்கு ஒரு மேடைப் பெயர் வைத்துக்கொள்வது வழக்கம். லூர்து தன்னை ‘லூ’ என்று சொல்லிக்கொண்டான். இவன் ‘எம்.கே.’ என்றான். ஸ்டைலாக இருக்கிறதே என்று விட்டுவிட்டோம். பேச மாட்டானே தவிர, தரையில் விழுந்தான் என்றால் வேறு ஆள். முதுகில் புரண்டு, காலை விசிறியாகச் சுழற்றி, தோளிலிருந்து தோளுக்கு உருளுவான். விண்ட்மில் என்று அதற்குப் பெயர். மற்றவர்கள் செய்தால் வித்தை காட்டுவது மாதிரி இருக்கும். இவன் செய்தால் எதையோ உடம்பிலிருந்து உதறுவது மாதிரி இருக்கும்.

அடுத்த வருடம் கரோலின் என்று ஒரு மதாம் வந்தாள். மொட்டைத் தலை, கால்சட்டை முழுக்கப் பை. பிரான்சில் ஹிப்ஹாப் நாடகம் போடுகிறவள். ஆட்டம், ராப், வாய்த்தாளம், கதை எல்லாம் ஒரே மேடையில். ராஜா கதை, சாமி கதை வேண்டாம், உங்கள் சொந்தக் கதையை உடம்பால் சொல்லுங்கள் என்றாள். வட்டமாக உட்கார வைத்து ஒவ்வொருவனிடமும் கதை கேட்டாள். ஒருவன் பார்த்த சினிமாவைச் சொன்னான். இன்னொருவன் தன்னை ஏமாற்றிய பெண்ணைப் பற்றிச் சொன்னான். அந்தப் பெண் இவனை ஏறெடுத்தும் பார்த்ததில்லை என்பது எங்கள் எல்லாருக்கும் தெரியும். அம்மா செத்ததைச் சொல்லேன்டா என்று நான் லூர்துவின் காதில் சொன்னேன்.

“அத எடுக்காதக்கா. எனக்குக் கதையே இல்லன்னு சொல்லிடு” என்றான்.

அப்போதுதான் எம்.கே. தலையைக் குனிந்துகொண்டே வாயைத் திறந்தான்.

“எம் பேரு மண்ணாங்கட்டி.”

பையன்கள் கொல்லென்று சிரித்தார்கள். அவன் சிரிப்பு அடங்கும்வரை காத்திருந்துவிட்டு மீதியைச் சொன்னான். அவன் அம்மா மணியம்மாளுக்கு முதல் மூன்று பிள்ளைகள் தங்கவில்லை. நாலாவதாக இவன். இவனையாவது எமன் விட்டுவைக்கட்டும் என்று, பிறந்த பிள்ளையைக் குப்பைமேட்டில் போட்டுப் புரட்டியிருக்கிறார்கள். பக்கத்து வீட்டுக்காரி அதைத் தன் பிள்ளை என்று எடுத்துக்கொண்டாள். பெற்றவள் ஒரு முறம் தவிடு கொடுத்து அவளிடமிருந்து வாங்கிக்கொண்டாள். மூக்கைக் குத்தி, மண்ணாங்கட்டி என்று பெயர் வைத்தாள். குப்பையில் கிடந்தது, தவிட்டுக்கு வாங்கியது, மண்ணாங்கட்டி என்று பெயர் கொண்டது. அதை எடுத்துப்போக எமனுக்கே மனசு வராதாம். பையன் பிழைத்துக்கொண்டான். ஆனால் பள்ளிக்கூடத்தில், காலேஜில், பஸ்ஸில் அந்தப் பெயர் அவனைப் படுத்தாத பாடில்லை. அதனால்தான் எம்.கே.

லூர்து அதைப் பிரெஞ்சில் சொல்லச் சொல்ல, மதாம் எழுந்தே நின்றுவிட்டாள். அந்தப் புரளல்! குப்பைமேட்டில் புரட்டியதும் இவன் தரையில் புரள்வதும் ஒன்றுதானே! எங்களுக்கு மயிர்க்கூச்செறிந்தது. அவன் அத்தனை நாளாக எதை உதறிக்கொண்டிருந்தான் என்று அன்றைக்குத்தான் புரிந்தது.

அப்படித்தான் அந்த நாடகம் பிறந்தது. நடுவில் இவன் புரள்வான். ஓரத்தில் மைக்கோடு லூர்து நின்று, இவன் கதையை இவனாகவே சொல்வான். உடம்பு ஒருவன், குரல் ஒருவன். நான் பார்வையாளர்களோடு பார்வையாளராக உட்கார்ந்திருந்து, திடீரென்று அங்கிருந்தே தாளத்தை ஆரம்பிப்பேன். யார் நடிகர், யார் பார்க்க வந்தவர் என்று தெரியக்கூடாது என்பது மதாமின் பாணி. கடைசியில் இவன் எழுந்து நின்று ஒரே ஒரு சொல் பேசுவான். தன் பெயரை.

ஒரு பள்ளிக்கூட முற்றத்தில் முதல் தடவை போட்டோம். அவன் பெயரைச் சொன்னதும் ஜனங்கள் சிரித்தார்கள். பிறகு அமைதியானார்கள். பிறகு எழுந்து நின்று தட்டினார்கள். அவன் அழுதான். நானும் அழுதேன், இதில் என்ன வெட்கம்? மறுவாரமே பனியன் முதுகில் மண்ணாங்கட்டி என்று கொட்டை எழுத்தில் அச்சடித்துப் போட்டுக்கொண்டு கடற்கரையில் நடந்தான். இருபத்திரண்டு வயதில் அவனுக்குப் பெயர் கிடைத்தது.

பிரான்சில் ஆறு ஊரில் நாடகம் போட அழைப்பு வந்தது. லூர்துவுக்குப் பிரச்சினை இல்லை, பாஸ்போர்ட் அவன் பெட்டியிலேயே இருக்கிறது. எனக்கும் அப்படித்தான், ஆனால் அப்பா படுக்கையில் கிடந்தார், நான் நகர முடியாது. மண்ணாங்கட்டிக்கு விசா கிடைக்கவில்லை. போனால் திரும்பி வருவான் என்று நம்பிக்கை இல்லையாம். வேறு நாடே வேண்டாம், தன் அம்மா வைக்கிற கருவாட்டுக் குழம்பு போதும் என்கிறவனைப் பார்த்து அப்படிச் சொன்னார்கள்.

மதாம் யோசித்தாள். குரலும் லூர்து, உடம்பும் லூர்து என்று ஆக்கிவிட்டால் என்ன என்றாள். லூர்து இவனைக் கேட்கத் தவளக்குப்பத்துப் பக்கம் போனான். என்னையும் இழுத்துக்கொண்டு போனான். கூரை வீடு. மணியம்மாள் கீரைக்கட்டு விற்றுவிட்டு அப்போதுதான் வந்திருந்தாள். லூர்துவுக்கு அது புது வீடில்லை. எங்கள் அம்மா போனபிறகு அவன் அங்கே சாப்பிட்ட சாப்பாட்டுக்குக் கணக்கு வழக்கில்லை. அவளை அம்மா என்றுதான் கூப்பிடுவான்.

“மச்சான், நீ வேணாம்னா நான் போகல” என்றான் லூர்து. “ஆனா போனா ஊரு ஊரா உன் கதை போவும்.”

மணியம்மாள் எங்களுக்குச் சோறு போட்டிருந்தாள். மண்ணாங்கட்டி தன் தட்டை நகர்த்தி வைத்தான்.

“போ. ஆனா ஒண்ணு. ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி, இது என் கதை இல்ல, தவளக்குப்பத்துப் பக்கம் மணியம்மா மவன் மண்ணாங்கட்டி கதைன்னு ஒரு வரி சொல்லிடு. அப்புறம் நீ எப்பிடி வேணா ஆடு.”

“இத நீ கேக்கணுமாடா? வில்லியனூர் மாதா மேல சத்தியம்.”

“அட, சாமிய எதுக்கு இழுக்கற? சாப்புடு” என்றாள் மணியம்மாள். இன்னொரு கரண்டி குழம்பு ஊற்றினாள்.

ஒரே ஒரு வரி. அவன் கேட்டது அவ்வளவுதான். காசு கேட்கவில்லை, போஸ்டரில் படம் கேட்கவில்லை. அந்த வரிக்காக, லூர்து புறப்படும்வரை தினமும் சாயங்காலம் துறைமுகத்துத் தரைக்கு வந்து அவனுக்குப் புரளக் கற்றுக்கொடுத்தான். தோளை எப்படித் தள்ளுவது, கழுத்தை எங்கே ஒளிப்பது, எந்த இடத்தில் மூச்சை விடுவது எல்லாம். குப்பையிலிருந்து தன்னை எடுக்கிற அந்தப் பக்கத்து வீட்டுக்காரியின் கையை ஒரு அசைவாக வைத்திருந்தான். அதையும் கொடுத்தான். என் தம்பி முதுகு சிராய்த்து வந்தபோது மஞ்சள் அரைத்துப் போட்டது மணியம்மாள்.

லூர்து பிரான்ஸ் போய் இரண்டு மாதத்தில் நாடகத்தின் வீடியோ வந்திருக்கிறது என்று பையன்கள் சொன்னார்கள். பிரவுசிங் சென்டரில் உட்கார்ந்து பார்த்தேன். விளக்கு எரிகிறது, லூர்து வருகிறான். என் பெயர் மண்ணாங்கட்டி என்கிறான். நேராக அப்படியே! முன்னால் எதுவும் இல்லை. வெட்டிவிட்டிருப்பார்களோ என்று கடைசிவரை பார்த்தேன். கடைசியிலும் இல்லை. முகத்தைக் கிட்டத்தில் காட்டுகிறார்கள். வலது மூக்கில் சின்னதாக ஒரு வளையம். கடங்காரன், மூக்கைக் குத்திக்கொண்டிருந்தான்!

அன்றைக்கே போன் போட்டேன்.

“அக்கா, கத்தாத. மதாம்தான் வேணாம்னுட்டாங்க. இது வேற ஒருத்தன் கதைன்னு மொதல்லயே சொல்லிட்டா ஜனங்க ஒட்ட மாட்டாங்களாம்.”

“மூக்கு குத்தச் சொன்னதும் மதாம்தானா?”

பேச்சை மாற்றினான். “நம்ம ஊர்ல போடும்போது கண்டிப்பா சொல்லுவேன்க்கா. நீ அவங்கிட்ட இப்ப ஒண்ணும் சொல்லிக்காத.”

நான் மறைக்கவில்லை. போய்ச் சொன்னேன். மண்ணாங்கட்டி கேட்டுவிட்டு, “அங்க இருக்கறவங்களுக்கு நான் யாருன்னே தெரியாதேக்கா. ஊர்ல சொல்றேன்னானா? ஊர்ல சொன்னா போதும்” என்றான். இப்படியும் ஒரு ஜென்மம் இருக்குமா? எனக்கு அவன்மேலும் கோபம் வந்தது.

பிரெஞ்சுக்காரர்களின் ஜூலை பதினாலு கொண்டாட்டத்தை ஒட்டிக் கடற்கரையில் ஒரு போட்டி நடந்தது. சென்னையிலிருந்தும் பையன்கள் வந்திருந்தார்கள். இரண்டு பேர் எதிரெதிரே ஆட வேண்டும். அந்த ஆட்டக்காரர்களுக்குள் ஒரு சட்டம் உண்டு: என்ன வேண்டுமானாலும் ஆடலாம், அடுத்தவன் அசைவைத் திருடி ஆடக்கூடாது. திருடினால் எதிராளி இரண்டு கையையும் முதலை வாய் மாதிரி நீட்டி அறைந்து காட்டுவான். கடித்து எடுத்துவிட்டாய் என்று அர்த்தம். ஆட்டக்காரனுக்கு அதைவிடப் பெரிய அவமானம் கிடையாது.

மண்ணாங்கட்டி அந்தப் பனியனோடு இறங்கினான். புரண்டான். அந்தப் பக்கத்து வீட்டுக்காரியின் கை வந்ததோ இல்லையோ, எதிரில் நின்ற சென்னைப் பையன் கையை அறைந்தான். அவன் பின்னால் நின்றவர்களும் அறைந்தார்கள். சுற்றி நின்ற, வீடியோ பார்த்த எங்கள் ஊர்ப் பொடியன்களும் சேர்ந்து அறைந்தார்கள்.

“லூ அண்ணன் ஸ்டெப்பு அது! பிரான்ஸ்ல ஆடுனது!”

இவன் எழுந்து திரும்பி, பனியன் முதுகைக் காட்டினான். என் பேரைப் பார் என்று. அந்தப் பையன் எழுத்துக் கூட்டிப் படித்துவிட்டு விழுந்து விழுந்து சிரித்தான்.

“டேய், பேரையுமாடா சுட்டுட்ட?”

நான் கூட்டத்துக்குள் பாய்ந்து அவன் சட்டையைப் பிடித்தேன். பொம்பளை என்று யாரும் என்னை அடிக்கவில்லை, அவ்வளவுதான். திரும்பிப் பார்த்தால் மண்ணாங்கட்டி இல்லை. அதற்குப் பிறகு அந்தப் பனியனை அவன் போட்டு நான் பார்க்கவில்லை. ஆனாலும் ஒரு நம்பிக்கை அவனுக்கு மிச்சம் இருந்தது. லூர்து வருவான், ஊர் நடுவில் நின்று அந்த ஒரு வரியைச் சொல்வான், கை அறைந்தவன் எல்லாம் கேட்பான்.

ஜனவரியில் லூர்து வந்தான், மதாமோடு, இங்கே நாடகம் போட. வீட்டுக்கு வந்ததும் எனக்கு செண்ட் பாட்டில் கொடுத்தான். வாங்கி ஓரமாக வைத்தேன்.

“சொல்லுவியா, மாட்டியா?”

“சொல்றேன்னேனேக்கா. அவனையும் அம்மாவையும் கூட்டியா, முன்னாடி உக்கார வை.”

நம்பினேன். நம்பாமல் என்ன செய்வேன், வளர்த்தவள் நான். மண்ணாங்கட்டி இஸ்திரி போட்ட சட்டையில் வந்தான். மணியம்மாள் புதுப்புடவை கட்டி, லூர்துவுக்குப் பிடிக்கும் என்று எள்ளடை ஒரு டப்பா நிறையக் கொண்டுவந்தாள். மூன்றாவது வரிசையில் நான், மணியம்மாள், அவள் மகன். அதே பள்ளிக்கூட முற்றம் நிறைய ஜனம். வெள்ளைக்காரர்கள், காலேஜ் பிள்ளைகள், கடற்கரையில் கை அறைந்த பொடியன்களும்.

விளக்கு அணைந்தது. லூர்து நடு மேடைக்கு வந்தான். எங்கள் வரிசையைப் பார்த்தான். நேராக எங்களைத்தான் பார்த்தான், சத்தியமாகச் சொல்கிறேன். மண்ணாங்கட்டி முன்னால் சாய்ந்து உட்கார்ந்தான்.

“எம் பேரு மண்ணாங்கட்டி” என்றான் லூர்து.

பக்கத்தில் மண்ணாங்கட்டி மெல்லப் பின்னால் சாய்ந்தான். மேடையில் லூர்து பேசிக்கொண்டே போனான். எங்கம்மா மூணு புள்ளைங்கள மண்ணுக்குக் குடுத்தாங்க என்றான். குப்பை என்றான், தவிடு என்றான், மூக்கைத் தொட்டுக் காட்டினான். புரண்டான். நன்றாகத்தான் புரண்டான், பாவி.

“ஏம் பொண்ணு, எங்கதையவா சொல்றான்?” என்று மணியம்மாள் என் காதில் கேட்டாள். “எம்புள்ள இங்க இல்ல குந்தியிருக்கான்?”

நாடகம் முடிந்தது. கைதட்டு அடங்க நேரமானது. இனிமேல் சொல்வானோ என்று அப்போதும் ஒரு நப்பாசை. அந்த நாடகக்காரர்களுக்கு ஒரு வழக்கம் உண்டு, முடிந்ததும் மேடையிலேயே உட்கார்ந்து ஜனங்கள் கேட்பதற்குப் பதில் சொல்வார்கள். காலேஜ் பெண் ஒருத்தி எழுந்தாள். கண்ணெல்லாம் கலங்கியிருந்தது.

“உங்க அம்மா இத பாத்திருக்காங்களா சார்?”

இதைவிட நல்ல சந்தர்ப்பம் வேறு என்ன வேண்டும்? கடவுளே கொண்டுவந்து கையில் கொடுத்த மாதிரி. அதோ இருக்கிறார்கள் என்று கையைக் காட்டினால் போதும். லூர்து மணியம்மாளைப் பார்த்தான். மதாமைப் பார்த்தான். தலையைக் கவிழ்த்துக்கொண்டான்.

“இல்லைங்க. அம்மா தவறிட்டாங்க.”

எங்கள் அம்மாவை, அன்றைக்கு வட்டத்தில் சொல்லாதே என்று வாயைப் பொத்தியவன், இங்கே கொண்டுவந்து ஒளிந்துகொள்ள இடமாக வைத்துக்கொண்டான். உயிரோடு உட்கார்ந்திருக்கும் ஒருத்தியை, அவள் பிள்ளை பக்கத்தில் இருக்கும்போதே சாகடித்துவிட்டான். உண்ட வீட்டுக்கு ரெண்டகம் என்று கேள்விப்பட்டிருக்கிறேன். அன்றைக்குக் கண்ணால் பார்த்தேன்.

மணியம்மாள் எழுந்துவிட்டாள். எள்ளடை டப்பா மடியிலிருந்து விழுந்து உருண்டது.

“ஏம்பா லூர்து, நான் சாவலப்பா. இங்கதான் இருக்கேன்.”

முற்றம் முழுக்கத் திரும்பியது.

“எம்புள்ளைய எமனுக்கு அடையாளம் தெரியக்கூடாதுன்னுதான் அந்தப் பேர வச்சேன். இப்ப ஊருக்கே அடையாளம் தெரியாமப் பண்ணிட்டியே. ஒரு மொறம் தவிடு குடுத்து வாங்குனேன்ப்பா நான். நீ என்னா குடுத்து வாங்குன?”

அப்புறம் எங்கிருந்தோ ஒருவன் கைதட்டினான். அடுத்து இன்னொருவன். முற்றமே எழுந்து நின்று தட்டியது. சீட்டி அடித்தார்கள். கூட்டத்திலிருந்து எழுந்து பேசுவதுதானே மதாமின் பாணி! நாடகம் இன்னும் முடியவில்லை என்று நினைத்துவிட்டார்கள். “அந்தம்மா பிச்சு ஒதறிட்டாங்கடா” என்று பின்னால் ஒரு பொடியன் சொன்னான்.

நாடகமில்லை, நாடகமில்லை என்று நான் தொண்டை கிழியக் கத்தினேன். அதற்கும் தட்டினார்கள். மேடையில் என் தம்பி என்ன செய்தான் தெரியுமா? நாடகமில்லை என்று அவன் சொல்லியிருந்தால் கேட்டிருப்பார்கள். எழுந்து, மணியம்மாள் இருந்த பக்கம் கையை நீட்டி, ஜனங்களைப் பார்த்துக் குனிந்து வணக்கம் சொன்னான்.

மணியம்மாள் ஒன்றும் புரியாமல் நின்றுகொண்டிருந்தாள். மண்ணாங்கட்டி அவள் தோளைத் தொட்டான்.

“வாம்மா. பஸ்ஸு போயிடும்.”

நானும் அவர்களோடு வெளியே வந்தேன். அன்றைக்கு வந்தவள்தான், லூர்து முகத்தில் இன்றுவரை விழிக்கவில்லை. அப்பா சாவுக்கு வந்தபோதுகூட நான் அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டேன். பஸ் ஸ்டாண்டுக்குப் போகிற வழியெல்லாம் மணியம்மாள் எள்ளடை கொட்டிப்போனதைப் பற்றியே பேசிக்கொண்டு வந்தாள். கடலூர் பஸ் நிற்கும் இடத்தில் எனக்குப் பொறுக்கவில்லை. அவனைப் பிடித்து உலுக்கினேன்.

“கல்லாடா நீ? பெத்தவ எழுந்து கேக்கறா, நீ ஒரு வார்த்த பேசக் கூடாது?”

அவன் அம்மாவை ஏற்றி உட்கார வைத்துவிட்டு, படிக்கட்டில் நின்று திரும்பிப் பார்த்தான்.

“பேசலாம்க்கா. நீ யாருடான்னு கேட்டா, என்னா பேரு சொல்றது?”

கண்டக்டர் விசில் கொடுத்தான்.